3 கி.மீ. ஓட்டத்துக்குச் சுண்டலைக் கூட்டிப் போகலாமா?

சுண்டல்அம்மா | திருவான்மியூர் | டிசம்பர் 2, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசி ஞாயிறு, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஆளும் நாயும் சேர்ந்து ஓடும் ஓட்டம் ஒன்று வைக்கிறார்கள். 3 கி.மீ. தான். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது, சும்மா ஜாலிக்கு. ஆளுக்கு ஒரு டீசர்ட், நாய்க்குக் கழுத்தில் கட்ட ஒரு துணி, இரண்டு பேருக்கும் ஒரே எண். பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டேன். கட்டிய பிறகுதான் யோசனை வருகிறது.

எங்கள் வீட்டு நாய் பெயர் சுண்டல். நாட்டு நாய், மூன்று வயது, 17 கிலோ. எலியட்ஸ் கடற்கரையில் சுண்டல் வண்டிக்கு அடியில் குட்டியாகக் கிடைத்தவன். வீட்டுக்குள் அவன் சோபாவுக்கும் பால்கனிக்கும் பறப்பதைப் பார்த்தால் மாரத்தானே ஓடுவான் போலிருக்கும். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பது அவனைப் பார்த்துச் சொன்னதுதான். ஆனால் லீஷ் கட்டி வெளியே வந்துவிட்டால் ஆள் வேறு. ஒரு விளக்குக் கம்பத்தைக்கூட விட மாட்டான்.

நானும் ஓடுகிறவள் இல்லை. தினமும் அரை மணி நேரம் நடப்பேன், அதோடு சரி. எட்டு வாரம் இருக்கிறது. எப்படிப் பழக்குவது? என்ன வாங்க வேண்டும்? ஓடி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மெதுவோட்டக்காரன் | கோவை | டிசம்பர் 2, இரவு 10:15

வாழ்த்துகள் சகோ! நான் என் லேப்ரடாருடன் இரண்டு முறை இப்படி ஓடியிருக்கிறேன். இரண்டு முறையும் அவள்தான் என்னைத் தண்ணீர்ப் பந்தலுக்கு இழுத்துப் போனாள்.

முதல் இரண்டு வாரம் ஓடவே வேண்டாம். நடை மட்டும், ஆனால் விறுவிறுப்பான நடை. மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஐந்தாறு முறை. வாரத்துக்கு மூன்று நாள் போதும். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. நமக்கு மூச்சு பழகுவதுபோல அவர்களுக்குப் பாதம் பழக வேண்டும். வீட்டுத் தரையில் வளர்ந்த நாயின் பாதம் மிருதுவாக இருக்கும், தார்ச் சாலையில் திடீரென்று ஓடவிட்டால் தோல் உரிந்துவிடும்.

கம்பத்துப் பிரச்சினைக்கு ஒரு வழி: கிளம்பியதும் பத்து நிமிடம் ‘அவன் நேரம்’. எங்கு வேண்டுமானாலும் மோந்து பார்க்கட்டும், எத்தனை கம்பம் வேண்டுமானாலும் நனைக்கட்டும். அப்புறம் ‘ஓடலாம்’ என்று ஒரே சொல்லைத் தினமும் சொல்லிக் கிளம்புங்கள். மூன்று வாரத்தில் அந்தச் சொல்லின் பொருள் அவனுக்குப் புரிந்துவிடும். ஓட்டம் முடிந்ததும் மறுபடி அவன் நேரம்.

வன்னியூரான் | இலண்டன் | டிசம்பர் 3, அதிகாலை 3:05

அக்கா, நான் இங்கே நாயோடு ஓடத் தொடங்கி நாலு வருசம். சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கலாம்.

கழுத்து பெல்ட்டில் லீஷ் மாட்டி ஓடாதேங்கோ. இழுவை முழுவதும் தொண்டையில் விழும். நெஞ்சுப் பக்கம் ‘ஒய்’ எழுத்து மாதிரி வரும் ஹார்னஸ்தான் சரி. சில ஹார்னஸ்களில் நெஞ்சுக்குக் குறுக்கே, தோள்மூட்டுக்கு மேலாக ஒரு பட்டை போகும். அது முன்னங்கால் நீட்ட விடாது. கடையில் நாயைக் கூட்டிப் போய்ப் போட்டுப் பார்த்து, கை கால் வீசி நடக்கிறானா என்று பார்த்து வாங்குங்கோ. நீண்டு சுருங்கும் சக்கர லீஷ் கூட்டத்துக்குள் கொண்டு போகவே கூடாது. ஆட்களின் காலை அறுத்துவிடும்.

இடுப்பில் பட்டி கட்டி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் ரப்பர் மாதிரி இழுபடும் கயிறு போட்டு ஓடுவதைக் கானிகிராஸ் என்பார்கள். பனிவண்டி இழுக்கும் நாய்களுக்குப் பனி இல்லாத மாதங்களில் பயிற்சி வேணும் என்று ஐரோப்பாவில் தொடங்கினது. அதில் நாய் முன்னுக்கு ஓடி இழுக்கும், ஆள் பின்னால். ஆள் நாயை இழுக்கவே கூடாது என்பது போட்டி விதி. பட்டி முதுகில் ஏறாமல் இடுப்பெலும்பில் இருக்க வேணும், இல்லாவிட்டால் அடுத்த நாள் குனிய ஏலாது.

ஆனால் ஒன்று. இங்கே சனிக்கிழமை காலையில் நடக்கும் பார்க்ரன் 5 கி.மீ. ஓட்டத்தில் இந்த இடுப்புப் பட்டியை இப்போது விடுவதில்லை. கையில் பிடிக்கும் கட்டை லீஷ், ஆளுக்கு ஒரு நாய், அவ்வளவுதான். சில பூங்காக்களில் நாயே கொண்டுவர ஏலாது. கூட்டம் நெருங்கும் இடத்தில் இழுக்கிற நாயும் நீளக் கயிறும் ஆட்களை விழுத்தும் என்பதுதான் காரணம். உங்கள் ஓட்டத்தின் விதியை முதலில் கேட்டுவிட்டுப் பட்டி வாங்குங்கோ.

சுண்டல்அம்மா | டிசம்பர் 3, காலை 7:20

ஐயோ, பட்டி நேற்றிரவே ஆன்லைனில் வாங்கிவிட்டேன். இனிமேல் கேட்கிறேன்.

நேர்பேச்சு | மதுரை | டிசம்பர் 3, காலை 8:02

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். சுண்டல் கேட்டானா ஓட வேண்டும் என்று? அவனுக்குக் கம்பம் பிடிக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். டீசர்ட், கழுத்துத் துணி, போட்டோ, அதற்கு நூறு லைக். இதில் நாய்க்கு என்ன இருக்கிறது? தருமரோடு கடைசிவரை போன நாய்கூட நடந்துதான் போனது. இமயமலையில் எண் குத்திக்கொண்டு ஓடவில்லை.

மெதுவோட்டக்காரன் | டிசம்பர் 3, காலை 8:30

நேர்பேச்சு அண்ணே, ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். 2016 ஜனவரி, அமெரிக்காவில் அலபாமா மாநிலம் எல்க்மாண்ட் என்ற சிற்றூர். லுடிவைன் என்று ஒரு பிளட்ஹவுண்ட். காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு வரட்டும் என்று வீட்டில் கதவைத் திறந்துவிட்டார்கள். அது நேராக அரை மாரத்தான் தொடங்கும் இடத்துக்குப் போய், ஆட்களோடு ஆளாகக் கிளம்பி, 21 கி.மீ. ஓடி ஏழாவதாக வந்தது! நேரம் 1 மணி 32 நிமிடம் 56 விநாடி. நடுவில் செத்த முயல் ஒன்றை மோந்து பார்க்கவும், மாடுகளை நலம் விசாரிக்கவும் நின்றுவிட்டுத்தான் இந்த நேரம். கழுத்தில் பதக்கம் போட்டு அனுப்பினார்கள். பிற்பாடு அந்த ஓட்டத்தின் பெயரையே நாயை வைத்து மாற்றிவிட்டார்கள்.

யார் கேட்டது அதை ஓடச் சொல்லி?

நேர்பேச்சு | டிசம்பர் 3, காலை 8:41

நான் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள் தம்பி. லுடிவைனை யாரும் கயிற்றில் கட்டவில்லை. அதனால்தான் அதனால் முயலிடம் நிற்க முடிந்தது.

கரிசல்காட்டான் | விருதுநகர் மாவட்டம் | டிசம்பர் 3, பகல் 1:15

சண்டை நல்லாயிருக்கு. நானும் வருகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறைதான். ஓட்டத்துக்கென்றே பிறந்தது, கண்ணால் பார்த்துத் துரத்துகிற சாதி. தாத்தா காலத்தில் முயலுக்குப் போவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் அது குற்றம், நாங்களும் விட்டாச்சு. ஆனால் நாய்க்குச் சட்டம் தெரியாதே, காட்டில் எது அசைந்தாலும் அம்பு மாதிரிப் போகும். ஆனால் முந்நூறு, நானூறு மீட்டர்தான். அதற்குள் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் வேப்பமரத்தடியில் காலை நீட்டிவிடும். அதை 3 கி.மீ. ஒரே சீராக ஓடச் சொன்னால் ‘உனக்குக் கிறுக்கா’ என்று பார்க்கும். கன்னி சாதி நாயும் அப்படித்தான்.

சீராக நெடுந்தூரம் போக நாட்டு நாய்தான் சரி. நாள் முழுக்கத் தெருவை அளந்து பழகிய கால். உடம்பில் கொழுப்பும் கிடையாது, மயிரும் குட்டை. அதனால் சுண்டலால் முடியும். ஆனால் முடியும் என்பதும் பிடிக்கும் என்பதும் ஒன்றில்லை, அதில் மதுரைக்காரர் சொல்வது சரி.

வெள்ளை ராஜபாளையம் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று. அதில் காது கேட்காத குட்டிகள் நிறையப் பிறக்கும். ‘நில்லு’ என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடாதீர்கள், முதலில் காதைச் சோதித்துவிடுங்கள்.

பக்கோடா அப்பா | சென்னை | டிசம்பர் 3, இரவு 11:30

இந்த இழையை மூன்று தடவை திறந்து மூடிவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

என் நாய் ஒரு பக். பெயர் பக்கோடா. போன வருடம் மார்ச்சில் வேறு ஊரில் இப்படி ஒரு ஓட்டம். 2 கி.மீ. தான், நடந்தாலும் போதும் என்றார்கள். காலை 7 மணிக்குத் தொடங்க வேண்டியது 8 மணிக்குத் தொடங்கியது. பக்கோடாவுக்கு அன்றைக்குக் குஷி தாங்கவில்லை, மற்ற நாய்களைப் பார்த்து முன்னால் முன்னால் போனான். மூச்சு கரகரவென்று வந்தது. பக் என்றால் எப்போதும் அப்படித்தானே என்று நினைத்தேன். ஒரு கி.மீ. கூட ஆகவில்லை, பின்னங்கால் பின்னியது. உட்கார்ந்தான். நாக்கு அகலமாக, கருஞ்சிவப்பாக வெளியே தொங்கியது. வாந்தி எடுத்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஈரத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு காரைத் தேடி ஓடினேன். கார் நிறுத்திய இடம் முக்கால் கி.மீ. மூன்று நாள் டிரிப்ஸ். பிழைத்துக்கொண்டான். அங்கிருந்த டாக்டர் திட்டவில்லை. ‘அடுத்த தடவை முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் தூக்குங்கள்’ என்றார்.

குஷியாக இருந்த நாய் அது. நேர்பேச்சு அவர்களே, அவனைக் கேட்டிருந்தால் ‘சரி, ஓடலாம்’ என்றுதான் சொல்லியிருப்பான். நாய்க்கு எப்போது நிறுத்துவது என்று தெரியும் என்பதை நம்பாதீர்கள். சில நாய்க்குத் தெரியாது.

நேர்பேச்சு | டிசம்பர் 3, இரவு 11:48

பக்கோடா இப்போது நன்றாக இருக்கிறானா?

பக்கோடா அப்பா | டிசம்பர் 3, இரவு 11:52

இருக்கிறான். இப்போது என் கால்மேல் படுத்துக் குறட்டை விடுகிறான்.

கால்நடைக்கிறுக்கல் | வேப்பேரி | டிசம்பர் 4, காலை 6:10

நான் கால்நடை மருத்துவர், நாய் பூனைதான் பெரும்பாலும் பார்ப்பது. பக்கோடா அப்பா எழுதியதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம்மைவிட ஏற்கெனவே ஒன்றரை, இரண்டு டிகிரி மேலே. ஓடினால் 40ஐ எளிதாகத் தொடும். 41ஐத் தாண்டினால் ஆபத்து. நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும், அதற்குப் பாதத்தில் மட்டும்தான். அது வெப்பத்தை இறக்குவது நாக்கை நீட்டி மூச்சிரைப்பதால்தான். ஈரம் ஆவியாக மாறும்போதுதான் குளிர்ச்சி. சென்னைக் காற்றில் விடியற்காலையில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது எங்கே போய் அது காய்வது? ‘காலை நேரம்தானே, வெயில் இல்லையே’ என்ற நினைப்பு இங்கே செல்லாது. கொடியில் போட்ட துணி காயாத காலையில் நாயும் குளிராது.

பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஒரு வழியும் குறுகல். அவற்றுக்கு ஓட்டம் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரில்தான் நாய்க்கு வெப்பத்தாக்கு வரும் என்று நினைக்கிறோம். பிரிட்டனில் கால்நடை மருத்துவப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தபோது வெப்பத்தாக்கில் முக்கால்வாசி உடற்பயிற்சியால் வந்தவை என்று தெரிந்தது. அவ்வளவு குளிர்ந்த நாட்டிலேயே!

என்ன பார்க்க வேண்டும்: நாக்கின் நுனி கரண்டி மாதிரி அகலமாவது, ஈறு செங்கல் நிறமாவது, எச்சில் கெட்டியாவது, உங்களுக்குப் பின்னால் தங்குவது, நிழலைப் பார்த்து இழுப்பது. இதில் ஒன்று தெரிந்தாலே நிறுத்திவிடுங்கள். தள்ளாட்டமும் வாந்தியும் வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது.

வந்துவிட்டால்: இருந்த இடத்திலேயே நிழலுக்கு இழுத்து, வயிறு, தொடையிடுக்கு, மார்பு என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், அட்டையோ சட்டையோ எடுத்து விசிறுங்கள். குழாய்த் தண்ணீரே போதும். (மே மாதத்து மாடித் தொட்டித் தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள், அது வெந்நீர்.) ஈரத் துண்டால் மூடி வைத்தால் வெப்பம் உள்ளேயே அடைபடும். வாயில் தண்ணீரைப் புகட்டக் கூடாது. குளிரவைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. எழுந்து வாலாட்டினாலும் ஆஸ்பத்திரி. உள்ளே சிறுநீரகம் என்ன ஆனது என்று வெளியே தெரியாது.

சுண்டல்அம்மா, பயிற்சி தொடங்குமுன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் மிகச் சாதாரணம். வெளியே ஒன்றும் தெரியாமல் சோகையோடு நடமாடும் நாய்கள் நிறைய. ரேபிஸ், எலிக்காய்ச்சல் ஊசிகளின் தேதியையும் பாருங்கள். மாநகராட்சி உரிமமும் கையில் இருக்கட்டும், நுழைவாயிலில் கேட்பார்கள். அன்றைக்கு ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து வயிறு நிறையச் சோறு வேண்டாம். ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன் மாதிரி ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும். சர்க்கரை இல்லாத சூயிங்கம், ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் சில மிட்டாய்களில் சைலிடால் இருக்கும், அது நாய்க்கு விஷம். அன்பாக நீட்டுகிறவர்களிடம் வாங்க விடாதீர்கள்.

ஒரு வயது நிரம்பாத குட்டியை ஓட்டத்துக்குக் கூட்டி வரவே வேண்டாம். பெரிய சாதி நாய் என்றால் ஒன்றரை வயது. எலும்பின் முனைகள் அதுவரை மூடாது.

சுண்டல்அம்மா | டிசம்பர் 4, காலை 9:00

டாக்டர், படித்ததும் பயமாகிவிட்டது. ஆனால் படித்தது நல்லது. இன்று மாலையே இரத்தம் எடுக்கப் போகிறோம்.

சுண்டல்அம்மா | டிசம்பர் 6, இரவு 8:20

இரத்தத்தில் தட்டணுக்கள் குறைவு. உண்ணிக் காய்ச்சலாம்! குதித்துக்கொண்டுதான் இருந்தான், ஒன்றுமே தெரியவில்லை. ஒரு மாதம் மாத்திரை. ஓட்டம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். டாக்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கால்நடைக்கிறுக்கல் | டிசம்பர் 6, இரவு 9:45

நன்றியெல்லாம் வேண்டாம். பாதியில் சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், அது போதும். மாத்திரை முடிந்ததும் மறுபடி இரத்தம் பாருங்கள். சரியாக இருந்தால் நடை தொடங்கலாம். ஜனவரி கடைசிக்குள் 3 கி.மீ. ஓட வைப்பது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். போகலாம், நடக்கலாம்.

நேர்பேச்சு | டிசம்பர் 6, இரவு 10:01

சரி, ஒப்புக்கொள்கிறேன். இந்த ஓட்டத்துக்குப் பணம் கட்டியிருக்காவிட்டால் இரத்தம் எடுத்திருக்க மாட்டீர்கள்.

சுண்டல்அம்மா | ஜனவரி 8, காலை 8:15

இரத்தம் சரியாகிவிட்டது! நேற்றிலிருந்து நடை. விடியற்காலை 5 மணிக்குக் கடற்கரை மணலில் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன், பாதத்துக்கு மெத்தென்று இருக்கும். இன்னொரு கேள்வி, எங்கள் தெருமுனையில் ஐந்து தெருநாய்கள். சுண்டலைப் பார்த்தாலே மொத்தக் குடும்பமும் எழுந்து வருகிறது.

மெதுவோட்டக்காரன் | ஜனவரி 8, காலை 9:10

தெருநாய் வந்தால் ஓட்டத்தை உடனே நிறுத்தி நடங்கள். ஓடுகிற எதையும் துரத்துவதுதான் அவற்றின் வேலை. சுண்டலை உங்கள் சுவர்ப் பக்கம் மாற்றிக்கொண்டு, வளைந்து, கண்ணுக்குக் கண் பார்க்காமல் கடந்து போய்விடுங்கள். கல்லைத் தேடிக் குனியாதீர்கள். என் வழியில் இருக்கும் கூட்டத்துக்குத் தினமும் போகும்போது இரண்டு பிஸ்கட் போடுவேன், நாய் இல்லாமல் தனியாகப் போகும் நாளிலும். பத்து நாளில் எனக்கு விசா கிடைத்துவிட்டது. தொடர்ந்து மிரட்டும் நாய் இருந்தால் வீரம் வேண்டாம், தெருவை மாற்றிவிடுங்கள்.

கரையோரத்துக்காரி | நீலாங்கரை | ஜனவரி 8, மாலை 5:40

கடற்கரை என்றதும் நுழைகிறேன், மன்னியுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும் காலம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் ஆமை நடை போகிற மாணவர்கள் 1988லிருந்து இந்தக் கூடுகளைத் தேடி எடுத்துக் காப்பகத்தில் வைக்கிறார்கள். விடியற்காலையில் லீஷ் இல்லாமல் விட்ட நாய் ஒரு கூட்டைத் தோண்ட ஐந்து நிமிடம் போதும். சுண்டல் நல்லவனாகவே இருக்கட்டும், மணலில் லீஷைக் கழற்றாதீர்கள்.

இன்னொன்று, கரையில் பேத்தை மீன் ஒதுங்கிக் கிடக்கும். பலூன் மாதிரி, முள்ளோடு. வலையில் வந்ததை மீனவர்கள் எறிந்துவிடுவார்கள், ஏனென்றால் அது விஷம். எந்த நாய்க்கும் அதைப் பார்த்தால் வாயில் போடத் தோன்றும். அவன் மூக்கு போகும் இடத்துக்கு முன்னால் உங்கள் கண் போக வேண்டும். கடல் தண்ணீரைக் குடிக்கவிட்டால் வீடு வரை வயிற்றுப்போக்குதான், அனுபவம் பேசுகிறது.

சுண்டல்அம்மா | ஜனவரி 8, இரவு 9:00

பேத்தை மீன்! இத்தனை வருடம் இங்கே இருந்தும் நாய்க்கு ஆபத்து என்று தோன்றியதே இல்லை. தெருவே போதும். பால்காரர் வருவதற்கு முன்பே முடித்துவிடுகிறோம்.

சுண்டல்அம்மா | ஜனவரி 25, மாலை 4:30

போய் வந்துவிட்டோம். விலாவாரியாக எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள், ஆறரைக்குக் கொடியசைப்பு. ஆறு மணிக்கே மைதானத்தில் கோயில் திருவிழா மாதிரி ஒலிபெருக்கி. மேடையில் ஒருவர் எல்லோரையும் கை தூக்கி ஆடச் சொல்கிறார். நாய்களின் காதைப் பற்றி அந்த மேடையில் யாருக்கும் நினைவில்லை. ஒரு பீகிள் ஊளையிட ஆரம்பித்து, அதைக் கேட்டு இன்னும் நாற்பது ஊளை. சுண்டல் வாலைக் காலுக்கிடையில் விட்டுக்கொண்டு என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்தான். நான் அவனை இருநூறு மீட்டர் தள்ளி ஒரு புங்க மரத்தடிக்கு அழைத்துப் போய்விட்டேன். பத்து நிமிடத்தில் வால் வெளியே வந்தது.

ஆறரை ஆயிற்று. ஆறே முக்கால் ஆயிற்று. தலைமை விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார். ஏழு மணிக்கு வெயில் முகத்தில் அடிக்க ஆரம்பித்ததும் பக்கோடா அப்பா எழுதியதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு பக், ஒரு ஷிட்சு வைத்திருந்தவர்களிடம் போய்ச் சொன்னேன். ஒருவர் ‘ஏசி காரில்தாங்க வந்தோம்’ என்றார். மற்ற இருவர் கேட்டுக்கொண்டார்கள், நிழலில் உட்கார்ந்து போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

7:10க்குக் கிளப்பினார்கள். நாங்கள் வேண்டுமென்றே கடைசி. நூற்றுக்கு மேல் நாய்கள் ஒரே நேரத்தில் கிளம்பும் காட்சியைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். பாதி பேர் லீஷில் சிக்கி முறுக்கிக்கொண்டார்கள், ஒரு கோல்டன் ரெட்ரீவர் திரும்பி எதிர்த்திசையில் தன் எஜமானரை இழுத்துக்கொண்டு போனது. இடுப்புப் பட்டிக்கு விதியில் தடை இல்லை என்பதால் கட்டியிருந்தேன். முதல் நானூறு மீட்டர் சுண்டல் பறந்தான். நானும் பறந்தேன், என் விருப்பம் இல்லாமல். பட்டி நன்றாக இருக்கிறது வன்னியூரான் தம்பி, ஆனால் எனக்குத்தான் பிரேக் இல்லை. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் முக்கால் நடை, கால் ஓட்டம். ஒரு கி.மீ. தண்ணீர் மேசையில் ஆட்களுக்குப் பேப்பர் கப், நாய்களுக்கு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பிளாஸ்டிக் தொட்டி. அதில் நான் வாய் வைக்க விடவில்லை, எங்கள் கிண்ணம் எங்களிடம் இருந்தது. வழி நெடுகக் குவியல் குவியலாக. ஐந்து பேரில் ஒருவர்தான் குனிந்து பையில் எடுத்தார். நான் இரண்டு எடுத்தேன், அதில் ஒன்று சுண்டலுடையது இல்லை.

சரியாக 1.9 கி.மீ. எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையோரம் இளநீர் வண்டி. சுண்டல் அதன் அடியில் போய்ப் படுத்துவிட்டான். நெஞ்சு திக்கென்றது. ஈறைப் பார்த்தேன், இளஞ்சிவப்பு. நாக்கு சாதாரணம். மூச்சும் சாதாரணம். வாலை மட்டும் ஆட்டுகிறான். வண்டிக்கடியில் பிறந்த ஞாபகமோ என்னவோ! இளநீர்க்காரர் சிரித்துக்கொண்டே வழுக்கையைக் கொஞ்சம் சுரண்டிப் போட்டார். தின்றான். இன்னும் கொஞ்சம் கேட்டான். நானும் ஒன்று குடித்தேன். அங்கேயே பதினைந்து நிமிடம்.

நாங்கள் முடித்தபோது வரவேற்பு வளைவின் காற்றைப் பிடுங்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். 58 நிமிடம். பதக்கம் நாய்க்கு மட்டும்தான். சுண்டல் அதை வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவிலேயே கடித்துவிட்டான்.

வன்னியூரான் | ஜனவரி 25, இரவு 8:10

வடிவான ஓட்டம் அக்கா! பிரேக் பிரச்சினைக்கு ‘மெதுவா’ என்று ஒரு சொல் பழக்க வேணும். முதலில் சொல்லித் தராதது என் பிழை.

பக்கோடா அப்பா | ஜனவரி 25, இரவு 8:25

அந்த இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்தார்களே. அது போதும் எனக்கு. நன்றி மேடம்.

நேர்பேச்சு | ஜனவரி 25, இரவு 9:00

1.9 கி.மீ. வரை உங்கள் ஓட்டம், அதற்கப்புறம் சுண்டலின் ஓட்டம். எனக்கு ஆட்சேபம் இல்லை. விருந்தினருக்காக நாய்களை வெயிலில் நிறுத்தியதைப் பற்றி அமைப்பாளர்களுக்கு எழுதினீர்களா?

சுண்டல்அம்மா | ஜனவரி 25, இரவு 9:20

எழுதிவிட்டேன் அண்ணா. டாக்டர் சொன்னவற்றையும் சேர்த்துத்தான். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

அப்புறம், இடுப்புப் பட்டி ஒன்று இருக்கிறது, நானூறு மீட்டர் மட்டுமே ஓடியது. யாருக்காவது வேண்டுமா? தபால் செலவு மட்டும் தந்தால் போதும்.

கரிசல்காட்டான் | ஜனவரி 25, இரவு 9:31

எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி. நம்ம நாய்க்கு நானூறு மீட்டர்தான் கணக்கு.